இறக்குவதும் ஏற்றுவதும்

"ரபி, தோராவின் கட்டளைகள் அறுநூற்றுப் பதின்மூன்று என்கிறார்கள். எப்படி எண்ணினாலும் எனக்கு ஒன்று குறைகிறது."

இப்படி முறையிட்ட எல்க்கானாவுக்குத் தாடி பாதி நரைத்துவிட்டது. ஏமன் நாட்டின் அந்த மலையூரில் யூதர்களின் வேதமான தோராவை அவர் அளவுக்குக் கற்றவர் இன்னொருவர்தான். மத்தனியா. சிறுவயது நண்பர்.

இப்போது இருவருக்கும் பேச்சு இல்லை.

தொகையை முன்னோர் சொல்லிவிட்டார்கள். எவை எவை என்று தோரா வரிசைப்படுத்தித் தரவில்லை. அதனால் வந்த வினை. பகைவனின் கழுதையே ஆனாலும், சுமையோடு விழுந்து கிடந்தால் சுமையை இறக்க உதவு என்கிறது ஓரிடம். எழுப்பி, மறுபடி ஏற்ற உதவு என்கிறது இன்னோரிடம். எல்லாம் ஒரே உதவிதானே, ஒரே கட்டளை என்றார் எல்க்கானா. இல்லை, இரண்டு என்றார் மத்தனியா. ஜெப ஆலயத்தில் எல்லார் முன்னிலையிலும் பேச்சு தடித்தது. அன்றோடு நட்பு முறிந்தது.

ஊரின் வேத குருவான ரபி இத்தாமார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பக்கத்து ஊரில் ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டுகிறார்கள், கூட வா என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மழை நனைத்த பாதை. வளைவில் ஒரு கழுதை சோள மூட்டைகளோடு சரிந்து கிடந்தது. கயிற்றை அவிழ்க்க முடியாமல் பக்கத்தில் திணறிக்கொண்டிருந்தவர் மத்தனியா.

ரபி ஒரு பாறைமேல் உட்கார்ந்துகொண்டார்.

கழுதை மூச்சிரைப்பதை எல்க்கானாவால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தார். இருவருமாக மூட்டைகளைப் புரட்டித் தள்ளினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கழுதை தள்ளாடி எழுந்து நின்றது.

எல்க்கானா சேற்றுக் கையை அங்கியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"போகலாம், ரபி."

ரபி எழவில்லை.

"யாருக்காக இறக்கினாய்?"

"கழுதைக்காக."

"நல்லது. கழுதை எழுந்துவிட்டது."



எல்க்கானா திரும்பிப் பார்த்தார். மத்தனியா ஒற்றையாளாக ஒரு மூட்டையைத் தூக்கப் பார்த்தார். இடுப்புக்குக்கூட வரவில்லை. கீழே விட்டார். உதவி என்று கேட்கவில்லை. மறுபடி குனிந்தார்.

கழுதையிடம் ஓடிய கால்கள் இப்போது எழ மறுத்தன. எல்க்கானா நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு இறங்கிப் போய் மூட்டையின் மறுமுனையில் கை வைத்தார்.

மத்தனியா நிமிர்ந்து பார்த்தார்.

"உன் பக்கம் கனம் அதிகம்," என்றார். "பார்த்துத் தூக்கு."