விடியும்வரை பொறுக்காத பன்றிகள்

ஒரு காட்டில் கரட்டன் என்ற ஆண் பன்றியும் செம்பி என்ற பெண் பன்றியும் தங்கள் மூன்று குட்டிகளோடு வாழ்ந்து வந்தன. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. கொடிகள் காய்ந்து, இலை உதிர்ந்து, எது எந்தக் கொடி என்றே தெரியாமல் கிடந்தன. வள்ளிக்கிழங்கு முழுவதும் தோண்டித் தீர்ந்துவிட்டது.

பன்றிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. அடையாளம் தெரியாத கிழங்கு கிடைத்தால், பெரிய பன்றி ஒன்று ஒரு துண்டு மட்டும் தின்னும். மறுநாள் விடிந்த பிறகும் அது நன்றாக இருந்தால்தான் குட்டிகளுக்குக் கொடுக்கும். அப்படித்தான் எத்தனையோ பஞ்சத்தை அவை தாண்டி வந்தன.

ஒரு நாள் காலையில் கரட்டன் ஓடைக்கரையைக் கிளறியது. கொழுத்த கிழங்குகள் கிடைத்தன. நடுவில் மடிந்து, இரு முனையும் கூராக இருந்தன.

"இது வள்ளி இல்லையே," என்றது செம்பி.

"வள்ளிக்குப் பங்காளியா இருக்கும்," என்றது கரட்டன். ஒரு துண்டு கடித்தது. பசி யாரை விட்டது? துண்டு போய் ஒரு முழுக் கிழங்கையே தின்று தீர்த்தது.

பெரிய குட்டிகள் இரண்டும் வாசனை பிடித்து வந்தன. "அம்மா, எங்களுக்கு?"

"நாளைக்குத் தரேன், கண்ணுங்களா."

கடைக்குட்டியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. படுத்தபடியே முனகியது.

உச்சிப்பொழுது வந்தது. "பாரு செம்பி, கல்லு மாதிரி நிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு? விடியறதுக்குள்ள சின்னவன் போயிட்டா, உன் வழக்கம் வந்து எழுப்புமா?" என்றது கரட்டன்.

பெற்ற மனம் கேட்குமா? செம்பி மீதிக் கிழங்கைக் குட்டிகளுக்கே பிரித்துக் கொடுத்தது. தனக்கென்று ஒரு கடிகூட வைத்துக்கொள்ளவில்லை. குட்டிகள் வயிறு நிறையத் தின்று, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கின. பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவை அழாமல் தூங்கின.

பொழுது சாயும் நேரத்தில் கரட்டன் வாந்தி எடுத்தது. பிறகு குட்டிகளும் ஒவ்வொன்றாகத் துடித்தன. செம்பி தண்ணீர் தேடி ஓடைக்கு ஓடியது. ஓடையில் மணல்தான் இருந்தது.

காலையில் அந்த வழியாக வந்த முள்ளம்பன்றி, சிதறிக் கிடந்த கிழங்குத் தோலை மோந்து பார்த்தது.

"ஐயோ, இது கலப்பைக் கிழங்கு ஆச்சே. கடும் விஷம். தின்ன உடனே ஒண்ணும் காட்டாது, பொழுது போகப் போகத்தான் கொல்லும். ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா, செம்பி?"

செம்பி கடைக்குட்டியை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்த்தது. அது அசையவில்லை. மற்ற இரண்டு குட்டிகளும் கரட்டனும் எப்போதோ விறைத்துப் போயிருந்தன.

பசியை ஒரு நாள் பொறுத்தவர் பிழைத்ததுண்டு. தெரியாததை அவசரப்பட்டுத் தின்றவருக்கு மறுநாள் இல்லை.