கோரை தோண்டிய கரை

வைத்தியர் அழகம்மையிடம் பாடம் கேட்டவர்களில் மாசிலாமணி ஒருவர்தான் அவரைவிட வயதில் மூத்தவர். ஊரில் யாருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றாலும் மாசிலாமணியே போய்ப் பார்த்துவிடுவார். கோரைக்கிழங்குக் கஷாயம் கொடுப்பார், நின்றுவிடும். கைராசிக்காரர் என்று பேர் எடுத்திருந்தார். அந்தப் பேர்தான் இப்போது அவரைத் தூங்கவிடாமல் அடித்தது.

அன்று காலை ஒரு கூடையும் கிழங்கு தோண்டும் கம்பியுமாக அழகம்மை வீட்டு வாசலில் ஓட்டமும் நடையுமாக வந்து நின்றார். கூடையின் அடியில் ஒரு பிடிக் கிழங்கு கிடந்தது.

"அம்மா, எம் மகளுக்கு மறுபடியும் காய்ச்சலும் போக்கும் கண்டிருச்சு. கஷாயம் குடுத்தா நிக்கிது, கொஞ்ச நாள்ல திரும்ப வருது. தெருவுல எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்பிடித்தான். எம் பக்குவத்துல என்னம்மா பிழை?"

"இப்பக் குடுத்துட்டு வந்தீங்களா?"

"குடுத்தேன். கண்ணு முழிச்சுட்டா. ஆனா எலும்பும் தோலுமாக் கெடக்கா. இன்னொரு தடவ வந்தாத் தாங்க மாட்டா."

அழகம்மை ஒரு கிழங்கை எடுத்துக் கிள்ளி முகர்ந்தார்.

"நல்ல கிழங்குதான். எங்க தோண்டுனீங்க?"

"ஊருணிக் கரையில."

"வாங்க, போய்ப் பாப்போம்."

மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை அங்கே கிடக்கிறாள், இந்த அம்மா கரையைப் பார்க்கக் கிளம்புகிறாரே! ஆனாலும் பின்னால் நடந்தார்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. ஊருணியில் பெண்கள் குடிதண்ணீர் மொண்டுகொண்டிருந்தார்கள்.

"மொதத் தடவை எங்க தோண்டுனீங்க?"

"இந்தப் படித்துறை ஓரமா."

"பெறகு?"

"அதத் தாண்டி, அந்த மேட்டுல."

"அதுக்கப்புறம்?"

"காய்ச்சல் கூடிப்போச்சும்மா, கிழங்கும் கூடத் தேவைப்பட்டுச்சு. அந்த மாட்டுத் தொழுவம் வரைக்கும்..."

காட்டிய கை அப்படியே நின்றது.

ஊருணிக்கும் தொழுவத்துக்கும் நடுவே இடுப்பளவு கோரை அடர்ந்து நின்ற இடம் அது. இப்போது ஒரு புல் இல்லை. அவர் பறித்த குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வாய்க்காலாகியிருந்தன. தொழுவத்துச் சாணித் தண்ணீர் அதன் வழியே நுரைத்துக்கொண்டு ஊருணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மாசிலாமணியின் மகளும் தெருப் பிள்ளைகளும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

"அம்மா..."

"தண்ணியத் தளதளன்னு கொதிக்க வச்சு ஆத்திக் குடுக்கச் சொல்லுங்க. உங்க வீட்டுல மட்டுமில்ல, எல்லா வீட்டுலயும். போய்ச் சொல்லிட்டு வாங்க."

அவர் தெருத்தெருவாக ஓடிச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். அழகம்மை ஈர மண்ணை அள்ளி வாய்க்காலை அடைத்துக்கொண்டிருந்தார். கூடை பக்கத்தில் இருந்தது.

"மகளுக்கு ஒரு வேளைக்கு எடுத்துக்கங்க. மிச்சத்த இங்க நடுங்க."

மாசிலாமணி கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஊர்ல இருக்கிற கடைசிக் கிழங்கும்மா இது. இது தழைச்சுக் கரை மூட எத்தன மழை பெய்யணுமோ! அதுக்குள்ள இன்னொரு பிள்ளைக்குக் கண்டு, அவுக ஆத்தா எங்கிட்ட ஓடி வந்தா நான் என்ன செய்வேன்?"

அழகம்மை கை மண்ணைத் தட்டிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடியும் இங்கதான் வந்து தோண்டுவீங்களா, மாசிலாமணி?"

மாசிலாமணி கூடையைக் கீழே வைத்தார். கிழங்கு தோண்டும் கம்பியை எடுத்து, நடுவதற்குக் குழி பறிக்க ஆரம்பித்தார்.