குட்டை மாமா

ஒரு பாலைவனத்தில், பத்து மாதமாகக் காய்ந்து கிடந்த பள்ளம் ஒன்றில் ஒருநாள் விடிகாலையில் மழை கொட்டியது. மழை விட்டபோது பள்ளம் குட்டையாகியிருந்தது. பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அதற்குப் பெருமை பிடிபடவில்லை. சுற்றிலும் முள்ளும் மணலும்தானே!

"யாரு வேணும்னாலும் வாங்க! வயிறு முட்டக் குடிங்க!" என்று கூவியது.

முதலில் வந்தது ஒரு தேரை. எலி வளைக்குள் மண்ணைப் போர்த்திக்கொண்டு இத்தனை நாள் தூங்கிவிட்டு, இடிச்சத்தத்தில் எழுந்து வந்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்காத உடம்பு. காதுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் புடைத்த நஞ்சுப் பைகள்.

"தம்பி, பிரசவத்துக்கு வந்திருக்கேன். எங்க வம்சத்துக்கே தண்ணிதான் தாய்வீடு. பிள்ளைங்களுக்குக் கால் முளைக்கிற வரைக்கும் ஒரு மாசம் இடம் குடு."

குட்டைக்கு முகம் சுண்டிப்போனது. "நீ விஷக்காரியாமே! நீ உக்காந்திருந்தா ஒரு ஈ காக்கா என்கிட்ட வருமா? முட்டைய விட்டுட்டு இடத்தைக் காலி பண்ணு."

தேரை முட்டைகளைச் சரம் சரமாக இட்டுவிட்டு, எட்டத்தில் ஒரு கள்ளி நிழலில் போய் ஒதுங்கியது.

இரண்டு நாளில் முட்டைகள் பொரிந்தன. வாலை ஆட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான குரல்கள் "மாமா! மாமா!" என்றன. தாய்வீட்டு ஆண்பிள்ளை வேறு யாராம்? குட்டைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்றைக்கே காட்டுப்பன்றிகள் வந்தன. "வாங்க, வாங்க!" என்றது குட்டை. வந்தவை குடித்ததோடு விட்டனவா? விழுந்து புரண்டன. போகும்போது பாதிக் குட்டையை உடம்பில் பூசிக்கொண்டு, "நாளைக்கும் வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் போயின.

கரையில் சிதறிய பிள்ளைகள் மணலில் துடித்தன. "மாமா, எங்களுக்கு இன்னும் கால் முளைக்கலையே!"

"அக்கா!" என்று அலறியது குட்டை.

தேரை தாவி வந்து, பிள்ளைகளைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. பிறகு, "விஷக்காரி உக்காரலாமா?" என்று கேட்டது.

"நடுவீட்டுலயே உக்காரு அக்கா. புத்தி கெட்டுப் பேசிட்டேன்."

மறுநாள் முன்னால் வந்த பன்றி தேரையைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் துப்பியது. "ஐயோ, எரியுதே!" என்று வாயில் நுரை தள்ள அது ஓட, பின்னால் வந்தவை அதற்கு முன்னால் ஓடின. தேரை மண்ணை உதறிக்கொண்டு பழைய இடத்திலேயே உட்கார, பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் தண்ணீர் குலுங்கியது.

ஆனால் வெயிலை யாரால் விரட்ட முடியும்? அது குடித்துக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்குப் பின்கால் முளைத்தது, முன்கால் முளைத்தது, வால் சுருங்கியது. குட்டையும் ஒரு தட்டளவாகச் சுருங்கியது.

"கிளம்புங்கடா. சாயங்காலம் வரைக்கும்கூட நான் தாங்க மாட்டேன்" என்றது. அதற்கும் இருக்கத்தான் ஆசை.

"தாய்மாமனைத் தனியா விட்டுட்டா?" என்றன பிள்ளைகள்.

தேரைகள் வாயால் குடிப்பதில்லை, தோலால் குடிக்கும். ஒவ்வொரு பிள்ளையும் வந்து வயிற்றை ஈரத்தில் அழுத்தி, ஒரு சொட்டை உள்ளே வாங்கிக்கொண்டது. கடைசிப் பிள்ளை எழுந்தபோது பள்ளத்தில் வெறும் மண்தான் இருந்தது.

குட்டை, எட்டுத் திசையிலும் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தது.