தென்மலையில் நின்ற ரயில்

அந்த ரயில் விளையாட்டுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. ரயில் பைத்தியங்கள் சேர்ந்து கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள், காசில்லாமல் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆனால் யார் என்ன எழுதினாலும் ருக்சானா ஓட்டிப் பார்த்து சரி என்றால்தான் உள்ளே போகும். அவளுக்கு இருபத்திரண்டு வயசு. எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எபனேசருக்கு நாற்பது. அவர்தான் சிஷ்யன்.

அவர் முதல் தடவையாக ஒன்று எழுதியிருந்தார். மலை இறக்கத்துக்குப் புது பிரேக். பழைய பிரேக் மகா மட்டம். தென்மலை ஸ்டேஷனில் நிற்க வேண்டிய வண்டி காட்டுக்குள் போய் நிற்கும்.

அன்று சாயங்காலம் விளையாட்டின் புதுப் பதிப்பு வெளியாகிறது. அதற்குள் மாஸ்டர் சரி சொன்னால் அவர் பெயர் அதில் வரும். இல்லையென்றால் பொங்கல் வரை காத்திருக்க வேண்டும். மனுஷன் அதற்குள் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லியாயிற்று.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தென்காசியில் மாஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், சோதிச்சு சோதிச்சு விரலே தேஞ்சு போச்சு. சோதனை எப்பதான் முடியும்?"

"ஏறுங்கண்ணே" என்றாள்.

அங்கே ஒரு வழக்கம். எழுதினவர் ஓட்டக் கூடாது, பயணியாக உட்கார வேண்டும். மற்றவர்களும் அவரவர் வீட்டிலிருந்தே அதே வண்டியில் ஏறிக்கொள்வார்கள். எபனேசர் திரையில் ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் பிடித்தார்.

கோவில்பட்டியிலிருந்து இசக்கியப்பன் குரல் ஸ்பீக்கரில் வந்தது. "வடை வடை வடேய்!"

"ஏய், வண்டி இன்னும் கிளம்பவே இல்ல" என்றார் எபனேசர்.

"கிளம்புனா ஆறிரும் அண்ணாச்சி."

புனலூர் வரை போகிற வண்டி ஆரியங்காவில் கிளம்பியது. குகை, பாலம், மழை. மாஸ்டர் கண்டபடி ஓட்டினாள். இறக்கத்தில் போய் வேகத்தைக் கூட்டினாள். எபனேசர் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தென்மலை வந்தது. பிரேக் போட்டாள்.

பொய் சொல்வானேன், அருமையாக நின்றது. பிளாட்பாரத்தை ஒரு அடிகூடத் தாண்டவில்லை.

ஸ்பீக்கரில் ஒரே விசில்.

எபனேசர் எழுந்தே விட்டார். "முடிஞ்சுது மாஸ்டர்! பேரைப் போட்டுரலாம்ல?"

"உக்காருங்கண்ணே. பச்சை சிக்னல் விழுந்தாச்சு."

ஹார்ன் அடித்தாள். பிரேக்கை விட்டாள். இன்ஜின் உறுமியது. வண்டி நகரவில்லை. முழு விசையும் கொடுத்தாள். ம்ஹூம்.

"அண்ணாச்சி, இறங்கித் தள்ளணுமா?" என்றான் இசக்கியப்பன். "எம் பொண்டாட்டி புனலூர்ல காத்துட்டு நிக்கா!"

அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

எபனேசர் தான் எழுதினதைத் திறந்து பார்த்தார். நின்ற வண்டி சரிவில் உருண்டுவிடக் கூடாது. அதனால் நின்றதும் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி எழுதியிருந்தார். விடச் சொல்லி எழுதவே இல்லை.

"வீட்ல எப்படிண்ணே சோதிச்சீங்க?"

"தென்மலைக்குக் கொஞ்சம் முன்னால ஆட்டத்தைச் சேமிச்சு வெச்சிருக்கேன். அங்கேருந்து வந்து நிக்கும். நின்னதும் கைதட்டிட்டு, மறுபடியும் அங்கேருந்தே…"

"தனியா உக்காந்தா கைதட்டினீங்க?"

"ஆமா."

மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். முதலில் முறைத்த எபனேசரும் கடைசியில் சிரித்துவிட்டார்.

"பயணிகள் யாரும் போயிராதீங்க" என்றாள் மாஸ்டர். "அண்ணன் ரிப்பேர் பாக்குறாங்க."

ஒருத்தரும் போகவில்லை. எபனேசர் வேர்க்க வேர்க்கக் கீபோர்டைத் தட்டினார். இசக்கியப்பன் இல்லாத வடையை எல்லாருக்கும் இரண்டு ரவுண்டு விற்றான்.

திரும்ப ஆரியங்காவிலிருந்து வந்தார்கள். தென்மலையில் நின்றது. இந்தத் தடவை யாரும் விசில் அடிக்கவில்லை. மாஸ்டர் ஹார்ன் அடித்தாள். பிரேக்கை விட்டாள்.

பிளாட்பாரம் மெதுவாகப் பின்னால் போனது.

ஸ்பீக்கர் கிழிந்துவிடும் போலக் கத்தினார்கள். எபனேசர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அறைக்குள்ளேயே ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"மாஸ்டர், பேரு?"

"போடுவோம்ணே, போடுவோம்."

"அப்ப சோதனை முடிஞ்சுது!"

மாஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதை இசக்கியண்ணன் பொண்டாட்டிதான் சொல்லணும்" என்றாள். "புனலூர்ல நிக்காங்க."