கட்டம் கட்டமாய் ஓர் ஆள்

"டீச்சர், பேண்ட்வித் பத்தலை" என்றான் செல்வின்.

"யாருக்கு?" என்றாள் உமையாள்.



உமையாள் நெட்வொர்க் கற்றுக்கொடுப்பவள். அவனைவிட ஓரிரு வயதுதான் மூத்தவள். செல்வின் அவளிடம் படித்துவிட்டு, ஒரு பெண்கள் விடுதியில் கேமராக்கள் மாட்டிக் கொடுத்தான். அவனுடைய முதல் சொந்த வேலை அது. இப்போது லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் ஒரு பெண்.

"இது ஆஷிகா. அந்த விடுதிப் பொண்ணு. நேத்து சாயங்காலம் கேட்டுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்ட்ல ஒருத்தன் இவளை மறிச்சுக் கையைப் பிடிச்சு இழுத்திருக்கான். உதறிட்டு வர்றதுக்குள்ள கேட் மூடுற நேரம் தாண்டிருச்சு."

"அதுக்கு?"

"லேட்டா வந்ததுக்கு விடுதியை விட்டு அனுப்பப் போறாங்க. மத்தியானம் கமிட்டி விசாரணை."

"அவன் இழுத்ததுக்கு?"

"அப்படி ஒருத்தன் இருந்தானான்னே கேக்குறாங்க. படத்தைக் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுமா டீச்சர்?"

லேப்டாப்பைத் திறந்தான்.

சைக்கிள் ஸ்டாண்ட் பளிச்சென்று இருந்தது. சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிந்தது. பிறகு ஏதோ அசைந்தது. அசைந்த இடமெல்லாம் சாம்பல் கட்டங்களாக உடைந்தது. கட்டங்கள் ஒன்றையொன்று இழுத்தன. விலகின. மறுபடியும் சுவர்.

"சுவர் நல்லா வந்திருக்கு" என்றாள் உமையாள்.

செல்வினுக்குக் காது சுட்டது.

"கேட் படம்?"

தயங்கித் தயங்கி அதையும் ஓட்டினான். ஆஷிகா மூச்சிரைக்க உள்ளே வந்தாள். ஓரத்தில் நேரம்.

"இதுல நான் ரொம்ப நல்லா விழுந்திருக்கேன் அண்ணே" என்றாள் ஆஷிகா. "ஒரு காதுல கம்மல் இல்லாததுகூடத் தெரியுது. வார்டன் அதையும் கேட்டாங்க. எங்கே கழட்டி வச்சேன்னு."

செல்வின் படத்தை நிறுத்தினான்.

"பேண்ட்வித்தை எப்படிப் பிரிச்சே?" என்று கேட்டாள் உமையாள்.

"விடுதிக்கும் ஆபீசுக்கும் நடுவுல ஒரே ஒரு வயர்லெஸ் லிங்க். எல்லாக் கேமரா படமும் அது தாங்குற அளவுக்குள்ளதான் போகணும். கேட்ல வர்ற பொண்ணு முகம் தெரியணும், கையில என்ன இருக்குன்னு தெரியணும்னு வார்டன் சொன்னாங்க. கேட்டுக்கு அள்ளிக் கொடுத்தேன். அடுத்தது மாடி வராந்தாவுக்கு. ஸ்டாண்டுக்கு மிச்சம்."

"அந்த மிச்சத்துலதான் அண்ணே நாங்க சைக்கிள் நிறுத்துறோம்" என்றாள் ஆஷிகா.

"நான் என்னம்மா செய்ய? கேக்குறது அவங்க. செட் பண்ணிக் கொடுக்கிறவன்தானே நான்."

"அளவை டைப் பண்ணின விரல் யாருது?" என்றாள் உமையாள்.

செல்வின் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"சோதிச்சுப் பார்த்தேன் டீச்சர். சத்தியமா. படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"எப்போ பார்த்தே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"விடுதிக்கு லீவு விட்டிருந்தப்போ."

ஆஷிகா சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"ஆளே இல்லாதப்போ எங்க விடுதி ரொம்பப் பாதுகாப்பான இடம்தான்."

"தெளிவாக்க முடியுமா டீச்சர்?" அவன் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"அசையுற ஆளை அனுப்ப நீ கொடுத்த அளவு பத்தாது. கேமரா அனுப்பவே இல்லை. இல்லாததை எங்கேயிருந்து எடுக்க?"

"அப்போ கமிட்டியில என்ன சொல்றது? ஸ்டாண்ட் கேமரா நேத்து கோளாறுன்னு சொல்லிரலாமா?"

"கோளாறா?" என்றாள் ஆஷிகா. "நீங்க சொன்னதைச் சரியாத்தானே செஞ்சிருக்கு அது!"

உமையாள் எழுந்தாள். பயிற்சிக்கு வைத்திருந்த கேமராவைச் செல்வின் பக்கம் திருப்பினாள். ஸ்டாண்டுக்கு அவன் கொடுத்திருந்த அளவைக் கேட்டு, அதையே இதற்கும் வைத்தாள். சாயங்காலம்போல் ஆகட்டும் என்று ஜன்னலைச் சாத்தினாள்.

"நில்லு."

நின்றான். திரையில் மீசை, சட்டைப் பொத்தான், நெற்றி வியர்வை எல்லாம் அப்படியே தெரிந்தன.

"இப்போ ஓடு."

"இங்கேயா டீச்சர்?"

"ஓடுடா."

ஓடினான். பெஞ்சுகளுக்கு நடுவே, ஒரு பெண் பார்த்துக்கொண்டிருக்க, வளர்ந்த ஆள் ஓடினான். கால் இடறியது. ஒரு நாற்காலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே தடுமாறினான். மூச்சு வாங்க வந்து நின்றான்.

உமையாள் பதிவை ஓட்டினாள். பெஞ்சுகள் பளிச்சென்று இருந்தன. நடுவே சாம்பல் கட்டங்கள் ஒன்றையொன்று இழுத்தன.

திரையை ஆஷிகா பக்கம் திருப்பினாள்.

"இது யாருன்னு தெரியுதா?"

ஆஷிகா குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"தெரியுது டீச்சர். நேத்து ஸ்டாண்ட்ல என்னை இழுத்தவன்."

"ஐயோ, நான்..." என்று செல்வின் வாயைத் திறந்தான்.

மூடிக்கொண்டான்.

அவர்கள் இருவரும் அவனைப் பார்க்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"டீச்சர்" என்றான் கடைசியில், தலை நிமிராமல். "ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தாங்க. கமிட்டியில முதல்ல இதைக் காட்டணும்."

"எதை?"

"நான் ஓடினதை."