ஒரே ஒரு சுரம்

ஆறுமுகநயினாருக்கு ஐம்பத்துமூன்று வயது. அவருடைய குரு பிரிசில்லாவுக்கு இருபத்தேழு. அவர் அவளை டீச்சரம்மா என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

தூத்துக்குடியில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்திரண்டு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவர் அவர். பிறகு குழுவுக்குப் புது கீபோர்டு வந்தது. பேஸின் அந்த அடிச் சத்தத்தை அதுவே கொடுத்துவிடும் என்றார்கள். அவர் இல்லாத முதல் கச்சேரியைக் கூட்டத்தோடு நின்று கேட்டார். 'பேஸ்காரர் எங்கே?' என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பிரிசில்லாவைத் தேடிப் போனார். தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்துபவள் அவள். பாடும் அறையின் மூலையில், ஆள் உயரத்துக்கு மேல், பெரிய வயலின் போல ஒரு டபுள் பேஸ் நின்றது.

"மேற்கத்திய செவ்வியல் படிக்கணும் டீச்சரம்மா. முதல்ல எந்தப் பாட்டு?"

"பாட்டு இல்ல. இந்த ஒரு தந்தி. இது மேல வில்லை மெதுவா இழுங்க."

இழுத்தார்.

"எருமை கத்துற மாதிரில்லா இருக்கு!"

"கத்தட்டும். ஒரே சுதியில கத்தணும், அவ்வளவுதான்."

இரண்டு மாதம் அந்த ஒரே தந்திதான். தோள் கடுத்தது. சத்தம் மட்டும் மெல்ல மெல்ல உருண்டு வந்தது. ஒருநாள் வில்லைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? இருபத்திரண்டு வருஷம் வாசிச்சேன். ஒருத்தர் காதுலயும் விழல. இதைப் படிச்சாலும் அப்படித்தானா?"

பிரிசில்லா வில்லை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஒத்திகைக்கு வாங்க அண்ணாச்சி. அதே சுரம் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேர் பாட நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், சுவரோரம் அவர். வேறு வாத்தியம் இல்லை. பாட்டு எழும்பியது, நான்கு குரல்களாகப் பிரிந்து கலந்தது. அவர் அதே சுரத்தை விடாமல் இழுத்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பாதியில் பிரிசில்லா அவரைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள். வில்லைத் தூக்கிக்கொண்டார்.

ஒரு வரி தாக்குப் பிடித்தார்கள். அடுத்த வரியில் பெண்கள் சுதி இறங்கினார்கள். ஆண்கள் அவசரப்பட்டார்கள். ஒருத்தி தொண்டையைத் தடவிக்கொண்டாள். ஒவ்வொரு குரலாக நின்று, பாட்டே நின்றுபோனது.

"என்னாச்சு? நம்ம எல்லாருக்குமா தொண்டை கட்டிருக்கு?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"மறுபடி பாடுவோம்," என்றாள் பிரிசில்லா. ஆறுமுகநயினாரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் இழுத்தார். பாட்டு கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

எல்லோரும் கிளம்பியபின் அவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அப்போ... அவங்களுக்கு நான் வாசிச்சது கேட்டுச்சா டீச்சரம்மா?"

"இல்ல அண்ணாச்சி," என்றாள் பிரிசில்லா. "அது மேலதான் நின்னுக்கிட்டு இருந்தாங்க."