இடம் நகராத சாட்சி

பண்ணையார் ராசாங்கம் கரட்டு மேய்ச்சல் காட்டைச் சுற்றி வேலி போட ஆட்களோடு வந்து இறங்கினார். வேலி விழுந்தால் சீனியம்மாவின் ஆடுகளுக்குப் புல் இல்லை.

"இது ஊர்ப் பொதுக்காடு, ஐயா" என்றாள் அவள்.

"ஆடு ஓட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துறவ நீ. இந்த மண்ணை விட்டு நகராத சாட்சி ஒண்ணு கொண்டு வா. அது சொன்னா நான் போயிடுறேன்."

பிழைப்புக்கு வெளியூர் போகாதவன் அந்த ஊரில் யார்? சீனியம்மா புல்லுக்குள் குனிந்து, எதையோ கொட்டாங்கச்சியில் ஒதுக்கிக் கொண்டுவந்தாள். வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு வண்டு.

"இதுக்குப் பறக்க வராது, ஐயா. பொறந்ததும் வேட்டையாடித் திங்கிறதும் சாகுறதும் இங்கதான்."

"பூச்சியா சாட்சி? சொல்லுடா, காடு யாருது?" பண்ணையார் சிரித்துக்கொண்டே வண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். பிடிபட்டதும் அது தற்காப்புக்குப் பீய்ச்சிய திராவகம் கண்ணில் பட்டது. "தண்ணி! தண்ணி!" என்று அலறினார்.

சீனியம்மாதான் தன் குடுக்கைத் தண்ணீரை அவர் கண்ணில் ஊற்றினாள்.

"எங்க ஆடு காலங்காலமா இதுக பக்கத்துலதான் மேயுது. ஒரு நாளும் இதுக கோவிச்சதில்ல. கையில பிடிச்சது நீங்கதான், ஐயா."

வேலிக் கல் சுமந்து வந்த கூலியாட்களில் ஒருவன், "சாட்சி சொல்லிடுச்சு" என்று சிரித்துவிட்டான். பிறகு எல்லோருமாகக் கற்களைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.